ஒரே சட்டைப்பையில் மாத்திரையும் செபமாலையும்

போன ஆடி மாசம் ஒரு வியாழக்கிழமை காலையில் அக்கா வந்து கதவைத் தட்டினாள். "குளிச்சிட்டு வா, நட்டாலம் போவோம்" என்றாள். நான் வரவில்லை என்றேன். "வராண்டாம், குளிச்சிட்டு மட்டும் வா" என்றாள். அந்தக் குளிப்புதான் என்னால் முடியாத காரியம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். நாலு நாளாகத் தண்ணி தொடவில்லை.

மார்த்தாண்டத்தில் பதினோரு வருஷம் செருப்புக் கடை வைத்திருந்தேன். கடன், வாடகை, ஒரு கூட்டாளி, அந்தக் கதையெல்லாம் எதற்கு, கடையைச் சாத்தியாகிவிட்டது. சாத்திய அன்றைக்கு எனக்கு அழுகைகூட வரவில்லை, அதை தைரியம் என்று எல்லாரும் பாராட்டினார்கள். ரெண்டு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. சோகம் என்று சொன்னால் சரியாக வராது. மாங்காய் போட்ட சாளைக் குழம்பு வாயில் வைத்தால் வெறும் சூடு மட்டும் தெரியும். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துவிடும். பக்கத்துத் தோட்டத்துக்கு ரப்பர் வெட்டப் போகிறவர் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அந்த நேரத்துக்குப் போவார், அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து சுவரில் ஒரு தடவை ஊர்ந்து போகும். அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அவருக்கு எழுந்து போக ஒரு வேலை இருக்கிறதே என்று பொறாமையாக இருக்கும்.

டாக்டரிடம் போனேன். மனச்சோர்வு, இது ஒரு நோய்தான், மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரமோ அதற்கு மேலேயோ ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் ஒரு செபக் கூட்டத்தில், பேரெல்லாம் வேண்டாம், ஒருத்தர் என் தலையில் கை வைத்து "விசுவாசம் இருக்கிறவனுக்கு மாத்திரை எதுக்கு தம்பி?" என்று கேட்டார். எனக்கு அப்போது யார் என்ன சொன்னாலும் அது சரியென்றே படும். நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் வந்த மூணு வாரத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். ஒருநாள் ராத்திரி அக்கா 14416-க்கு அடித்து போனை என் காதில் வைத்தாள். அது டெலி மானஸ், அரசாங்கம் நடத்துவது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அந்தப் பக்கம் பேசிய பெண் என்னிடம் முதலில் கேட்டது "இப்போ உங்க பக்கத்துல யாரு இருக்காங்க?" என்பது. அக்கா இருக்காள் என்றேன். மறுநாளே திரும்ப டாக்டரிடம் போய்ப் பழையபடி மாத்திரை ஆரம்பித்து ஒரு மாசம் ஆகியிருந்தபோதுதான் இந்த நட்டாலம் பயணம்.

குளித்தேன். சட்டைப்பையில் மாத்திரை அட்டையைப் போட்டேன். அக்கா அதே பையில் அம்மாவின் செபமாலையைப் போட்டாள்.

நட்டாலம் எங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தான். சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்களுக்கு அது பன்னிரண்டாவது கோயில் இருக்கிற ஊர், எங்களுக்கு 1712-இல் நீலகண்டன் பிறந்த ஊர். கிறிஸ்தவரான பிறகு சித்திரவதைப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டவர், இப்போது புனித தேவசகாயம். 2022 மே 15-ஆம் தேதி ரோமையில் புனிதர் பட்டம் கொடுத்தபோது எங்கள் பங்கிலும் வெடி போட்டோம், நானும் போட்டேன், கடை அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் அவர் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். எருமை மேல் ஏற்றிக் கொண்டுபோனது, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டது, காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தது, கடைசியில் துப்பாக்கி. அதெல்லாம் மனப்பாடம். ஆனால் அவர் ஏன் கிறிஸ்தவர் ஆனார் என்கிற இடத்தை டீச்சர் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்: "அவருக்குக் கஷ்டம் வந்தது, டச்சுக் கம்பெனியிலிருந்து வந்த டிலனாய், பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார்." அப்புறம் நேரே எருமை.

நட்டாலத்தில் அக்கா முழந்தாள் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குச் செபம் வரவில்லை. அந்த ஒரு வரியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அரண்மனை உத்தியோகம் பார்த்தவர், மன்னர் மார்த்தாண்டவர்மா காலத்தில் செல்வாக்கான ஆள், நிலமும் மாடும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது. அந்த மனுஷனும் ராத்திரி மூணு மணிக்கு முழித்துக் கிடந்திருப்பாரா?

அங்கிருந்து மார்த்தாண்டம் வந்து பஸ் பிடித்துப் புலியூர்குறிச்சியில் இறங்கினோம். உதயகிரிக் கோட்டைக்குள் போக டிக்கெட் எடுக்க வேண்டும், உள்ளே வனத்துறையின் பூங்கா. மான் பார்க்க வந்த ஒரு குடும்பம் எங்களுக்கு முன்னால் போனது. நாங்கள் போனது டிலனாயின் கல்லறைக்கு. கூரை இல்லாத பழைய சிற்றாலயம், கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனி ஆள் அவர். கைதியாக வந்தவர் திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி, 1777-இல் இங்கேயே செத்து, இங்கேயே அடக்கம். பக்கத்தில் மனைவி. இள வயதில் போரில் அடிபட்டு இறந்த மகனும் அங்கேதான்.

அந்த மகன் கல்லறை பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன். நீலகண்டனுக்கு யோபு கதை சொல்லிப் பல வருஷம் கழித்துத்தான் மகன் சாவு. பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவைப் பற்றி அவர் அன்றைக்குச் சொன்னதெல்லாம் இந்தக் குழியை வெட்டும்போது திரும்பி வந்திருக்குமே!

அக்கா நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்சைத் திறந்தாள். மரச்சீனிக் கிழங்கு மயக்கியது, சாளை அவியல். "யோபுவுக்க கூட்டாளிமாரு வந்து ஏழு நாள் தரையில சும்மா இருந்தாவ பாத்தியா, அது வரைக்கும் நல்லாத்தான் இருந்தாவ, வாயத் தொறந்த பெறவுதான் எல்லாம் கெட்டுது" என்றாள். உண்மைதான். நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் உனக்கு இது என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள், கடைசியில் கடவுள் கோபப்படுவது அவர்கள் மேல்தான். பிறந்த நாளையே சபித்து அத்தனை வார்த்தை பேசிய யோபுவை, சரியாகப் பேசினான் என்று சொல்லிவிடுகிறார். என் தலையில் கை வைத்தவருக்கு இந்தப் பகுதியை யாராவது வாசித்துக் காட்டினால் தேவலை. (கோபம் இன்னும் போகவில்லை, பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியாகிவிட்டது.)

டிலனாய் எப்படிச் சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். தோற்றுப்போன ஒருத்தர் இன்னொரு தோற்றுப்போன ஆளுக்குச் சொன்ன கதை அது. பாஷைகூட அரைகுறையாகத்தான் இருந்திருக்கும்.

பக்கத்தில்தான் முட்டிடிச்சான் பாறை. தேவசகாயத்தை இழுத்துக்கொண்டு போகும் வழியில் தாகத்துக்குத் தண்ணி கேட்டும் சரியாகக் கொடுக்காமல், அவர் செபித்து முழங்கையால் பாறையில் இடிக்க ஊற்று வந்தது என்பது நம்பிக்கை. சின்னக் குழிதான், எட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர். ஒரு பாட்டி குப்பியில் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, யாரென்றே தெரியாது, "குடி மக்களே" என்று நீட்டினாள். குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எந்த அற்புதமும் நடக்கவில்லை. தண்ணி நல்ல குளிர்ச்சியாக இருந்தது. குளிர்ச்சி தெரிந்ததே என்று பஸ்சில் ஏறின பிறகுதான் உறைத்தது.

கோட்டாறு சவேரியார் கோயிலுக்குப் போகும்போது மதியம் தாண்டிவிட்டது. டிசம்பர் திருவிழா நேரத்தில் நிற்க இடம் இருக்காது, அன்றைக்கு ஏழெட்டுப் பேர்தான். தேவசகாயத்தின் கல்லறை உள்ளேயே இருக்கிறது, அவர் எலும்புகளை எடுத்து வந்து அடக்கம் செய்த இடம். 2012 டிசம்பர் 2-ஆம் தேதி நாகர்கோவிலில் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் கொடுத்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், கூட்டத்தில் அம்மாவின் ஒரு செருப்பு காணாமல் போய், செருப்புக் கடைக்காரன் அம்மா வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தாள். அதை அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள், எனக்கும் வாய் கொஞ்சம் கோணியது.

வெளியே திண்ணையில் வயதான சாமியார் ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஏதோ ஊரிலிருந்து வந்தவர் போல. அக்கா போய் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டாள், அவள் குணம் அது. எனக்குக் கூசியது. இனி பெரிய உபதேசம் வரும் என்று நினைத்தேன். அவர், "ராத்திரி ஒறக்கம் உண்டா?" என்று கேட்டார். இல்லை சாமி என்றேன். "சாப்பாடு?" கொஞ்சம் என்றேன். "மாத்திரை?" பையிலிருந்து எடுத்தேன், அட்டையோடு செபமாலையும் சிக்கிக்கொண்டு வந்தது, பிரித்து எடுக்கப் பார்த்தால் சிலுவை அட்டையின் ஓட்டையில் மாட்டிக்கொண்டது. "அது அப்பிடியே கெடக்கட்டு" என்றார். அப்புறம் பைபிளில் வரும் இறைவாக்கினர் எலியா கதையைச் சொன்னார். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியம் செய்த எலியா, அடுத்ததாக வனாந்தரத்தில் ஒரு செடியடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். "அப்போ வந்த வானதூதர் என்ன செஞ்சாரு தெரியுமா? பிரசங்கம் வைக்கல்ல. அப்பமும் தண்ணியும் கொடுத்தாரு. தின்னுட்டு அவரு திரும்பவும் ஒறங்குனாரு. தூதர் எழுப்பி ரெண்டாவது தடவையும் சாப்பாடு கொடுத்தாரு. அதுக்குப் பெறவுதான் மலைக்க நடந்தாரு." அவ்வளவுதான். தலையில் சிலுவை போட்டு அனுப்பிவிட்டார்.

வடசேரி வந்து ஆரல்வாய்மொழி பஸ். தோவாளை தாண்டும்போதே காற்று ஆரம்பித்துவிட்டது. ஆடிக் காற்று அந்தக் கணவாய்க்குள் எப்படி வரும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், முப்பந்தல் காற்றாலையெல்லாம் அதை நம்பித்தானே நிற்கிறது. காற்றாடிமலையில் இறங்கினால் அக்காவின் முந்தானை ஒரு பக்கம், என் லுங்கி ஒரு பக்கம். கீழே இருக்கிற கோயில் வியாகுல மாதாவுக்கு. வியாகுலம் என்ற வார்த்தையைச் சின்ன வயதிலிருந்து செபத்தில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன், மனசு கலங்கிக் கிடப்பது என்று அன்றைக்குத்தான் அர்த்தம் பிடிபட்டது. டாக்டர் சீட்டில் எழுதியதற்கு எங்கள் கோயிலில் முன்னாலேயே ஒரு பேர் இருந்திருக்கிறது.

தேவசகாயத்தை 1749-இல் பிடித்து, கிட்டத்தட்ட மூணு வருஷம் ஊர் ஊராக இழுத்து, 1752 ஜனவரி 14-ஆம் தேதி ராத்திரி இந்தப் பாறையில் வைத்துச் சுட்டார்கள். வயது 39. எனக்கும் அன்றைக்கு 39. ஒப்பிட வேண்டாம், அவர் எங்கே நான் எங்கே, ஆனாலும் மனசு கணக்குப் போடத்தான் செய்தது. முழந்தாள் பதிந்த தடம் என்று காட்டுகிற இடத்தில் ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு நின்றார்கள். மணியடிச்சான் பாறையைச் சின்னக் கல்லால் தட்டினால் வெண்கல மணி போலச் சத்தம் வருகிறது. அந்தக் குழந்தையின் அப்பா தட்டினார், குழந்தை திடுக்கிட்டு அழுதது, திரும்பத் தட்டினார், சிரித்தது.

நான் மெழுகுதிரி கொளுத்தப் பார்த்தேன். காற்றில் நிற்கவே இல்லை. ஏழு தீக்குச்சி. எட்டாவதும் அணைந்தபோது எனக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது, ஒரு திரியைக்கூடக் கொளுத்தத் தெரியாதவன் என்று அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதேன். கடை சாத்தியதிலிருந்து வராத அழுகை. செபம் என்று வாயில் எதுவும் வரவில்லை. யேசுவே, யேசுவே என்று மட்டும். அந்தக் காற்றுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் சத்தமாகவே அழ முடிந்தது. அப்போது யாரோ பக்கத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அக்கா நாலடி தள்ளித்தான் நின்றாள், இது அவள் இல்லை. இதற்கு மேல் அதை விளக்க எனக்குத் தெரியாது, விளக்கச் சொன்னால் கெட்டுப்போகும்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா வந்து என் கையிலிருந்த மெழுகுதிரியை வாங்கி, கொளுத்தாமலே மற்ற திரிகளோடு சேர்த்து வைத்தாள். "வச்சிட்டு வா. காத்து நின்ன பெறவு யாராவது கொளுத்துவாவ."

திரும்பி வரும்போது நாகர்கோவிலில் களியக்காவிளை பஸ்சில் ஜன்னல் சீட் கிடைத்தது. சாமியார்மடத்துக்கு ரெண்டு டிக்கெட். பார்வதிபுரம் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. வில்லுக்குறி ஞாபகம் இல்லை. யாரோ தோளைத் தட்டினார்கள், கண்ணைத் திறந்தால் கண்டக்டர், பஸ் காலி, வெளியே மலையாளத்தில் போர்டு. களியக்காவிளை! சட்டையில் எச்சில் ஒழுகியிருந்தது.

"எழுப்பியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"சாமியார்மடத்துக்கு மேல தனி டிக்கெட் எடுத்தாச்சு" என்று மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே இறங்கினாள். "பசிக்குதா?"