பென்சில்வேனியாச் சுரங்கத்தில் உக்ரைனியர் மகன்: ஆவணம் தேடிய வழி

அன்று ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்து, இன்று போலந்துக்கும் உக்ரைனுக்கும் பிரிந்து கிடக்கும் கலீசியாவிலிருந்து, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஷெனன்டோவா, ஷமோகின் ஊர்கள் பக்கம் நிலக்கரி வெட்டப் போன உக்ரைனியக் குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கப்பல் பட்டியலில் தொடங்கி மாட்டிக்கொள்கிறார்கள். நான் இறப்புச் சான்றிதழிலிருந்து பின்னோக்கிப் போனேன். பென்சில்வேனியாவில் மாநில அளவிலான இறப்புப் பதிவு 1906 ஜனவரியில் தொடங்கியது. 50 ஆண்டு கடந்தவற்றை யாரும் பார்க்கலாம். பெற்றோர் பெயர் அதில் உண்டு, ஆனால் சொன்னது மருமகனாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம். தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். இறப்புக்குக் காரணம் ‘மைனர்ஸ் ஆஸ்துமா’ என்றிருந்தால், பெரும்பாலும் கரித்தூசி நுரையீரலில் படிந்த நோய்தான்.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ‘உக்ரைனியன்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆஸ்திரியா, ரஷ்யா, ஸ்லோவாக் என்று எழுத்தர் காதில் விழுந்தபடி இருக்கும். தாய்மொழி கேட்ட 1910 கணக்கெடுப்பில் ‘ருத்தேனியன்’ (உக்ரைனியருக்கு அன்று வழங்கிய பெயர்) என்றும் பாருங்கள். வாசில் வில்லியமாகியிருப்பான். குடும்பப் பெயரை விட்டுவிட்டு, உடன்பிறந்தவர்களின் பெயரும் வயதும் ஒத்துவருகிறதா என்று தேடுவதே மேல்.

வயதை மட்டும் நம்பவே கூடாது. 1885 சட்டப்படி கரி உடைக்கும் பிரேக்கர் கட்டடத்தில் வேலைக்கு 12 வயது, சுரங்கத்துக்குள் இறங்க 14. 1903-இல் இவை 14, 16 ஆயின. கூலிக்காகப் பெற்றோரே வயதைக் கூட்டிச் சொன்னார்கள். அவர்கள் சேர்ந்திருந்த கிரேக்கக் கத்தோலிக்கத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுதான் சரியானது. ஷெனன்டோவாவில் 1884-லேயே அப்படியொரு திருச்சபைப் பங்கு அமைந்துவிட்டது.

வேலைப் பெயரில்தான் அவன் வாழ்க்கையே இருக்கிறது: கரியிலிருந்து கல் பொறுக்கும் சிறுவன், காற்றுக்கதவு திறந்து மூடுபவன், கோவேறு கழுதை ஓட்டுபவன், லேபரர், மைனர். துளையிட்டு வெடி வைப்பவர் மைனர். கரியை வண்டியில் அள்ளுபவர் லேபரர். கணக்கெடுப்பு எழுத்தர் எல்லாரையும் ‘மைனர்’ என்று எழுதிவிடுவார். உண்மையில் 1889 முதல் மைனராகச் சான்றிதழ் வேண்டியிருந்தது. 1897 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாண்டு லேபரர் அனுபவமும், ஆங்கிலத்தில் குறைந்தது 12 கேள்விகளுக்குப் பதிலும் தேவைப்பட்டன. அங்கேயே பிறந்து பள்ளி பார்த்த மகனுக்கு இது தகப்பனைவிட எளிதாக இருந்திருக்கும்.

விபத்து என்றால் சுரங்க ஆய்வாளர்களின் ஆண்டறிக்கையை விடாதீர்கள். மாவட்டவாரியாக, தேதி, பெயர், வேலை, வயது, சுரங்கம், விட்டுச்சென்ற மனைவி, பிள்ளைகள், ‘கூரைக்கல் விழுந்து’ என்று ஒரு வரிக் காரணம். பெயர் எழுத்தில் படாதபாடு பட்டிருக்கும். இறப்புத் தேதியை வைத்துப் பிடியுங்கள்.

தகப்பனின் கிராமம் தெரிய, முதல் உலகப் போரில் கட்டாயப் படைச்சேர்ப்புக்கு ஆண்கள் பதிந்த அட்டைகள். முந்தைய ஓராண்டில் 21 வயது நிரம்பியவர்கள் 1918 ஜூனில் பதிந்த அட்டையில் தந்தை பிறந்த இடத்துக்கே ஒரு கட்டம் உண்டு. அதே ஆண்டு செப்டம்பர் அட்டையில் அது கிடையாது. ஒரே பெயரில் பல கிராமங்கள் இருப்பதால் வட்டத்தின் பெயரும் கிடைத்த பிறகே காப்பகத்துக்கு எழுதுங்கள். கார்பாத்திய மலைப்பகுதியில் வாழ்ந்த லெம்கோ இனத்தாரின் கிராமமாக இருந்தால் அது பெரும்பாலும் இன்றைய போலந்தில். அங்கேதான் முதலில் கேட்க வேண்டும், உக்ரைனின் லிவிவ் நகரக் காப்பகத்தில் அல்ல.