'வந்து எடுத்துச் செல்லலாம்'

அமெரிக்காவில் நூலக அறிவியல் படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு சின்ன கலை அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்தில். ஓராண்டு ஒப்பந்தம். பெயர் வேண்டாம். 1950களிலும் 60களிலும் அங்கே இயக்குநராக இருந்தவர் ஓவியர்களோடும் சிற்பிகளோடும் நடத்திய கடிதப் போக்குவரத்து முழுக்க நாற்பது சொச்சம் பெட்டிகளில் அடித்தளத்தில் கிடந்தது, அதைச் சுத்தம் செய்து, அமிலம் இல்லாத உறைகளுக்கு மாற்றி, பட்டியல் போட வேண்டும். அம்மாவிடம் ஃபோனில் சொன்னபோது, "பழைய காயிதம் அடுக்கவா அவ்வளவு தூரம் போய்ப் படிச்சே?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் முதல் மாதம் நான் செய்ததெல்லாம் துருப்பிடித்த குண்டூசிகளைத் தாள் கிழியாமல் உருவி எடுத்ததுதான்.

இந்த மாதிரி கோப்புகளைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது, இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்பது. ஓவியர் எழுதியது அசல்: கையெழுத்து, மைக்கறை, ஓரத்தில் கிறுக்கிய படம், கோபம் வந்தால் பேனா தாளைக் கிழித்திருக்கும். இயக்குநர் எழுதிய அசல் ஓவியர் வீட்டுக்குப் போய்விட்டது, நம்மிடம் இருப்பது அதன் கார்பன் நகல். மெல்லிய தாள், மங்கிய எழுத்து, பெரும்பாலும் கையொப்பம்கூட இருக்காது. அதனால் படிக்கிறவருக்கு ஓவியர்கள் எல்லாம் ரத்தமும் சதையுமாகவும் இயக்குநர் ஒரு தட்டச்சு இயந்திரமாகவும் தெரிவார்கள். நானும் அப்படித்தான் முடிவுகட்டினேன்.

அந்த முடிவில்தான் பெரிய தப்பு ஒன்றைச் செய்தேன். பெட்டிகளுக்குள் ஊரறிந்த பெயர்கள் சில தட்டுப்பட்டன. ஆராய்ச்சியாளர்கள் தேடி வருவது இவற்றைத்தானே, தனியாக எடுத்து வைத்தால் வசதியாக இருக்கும் என்று, யாரையும் கேட்காமல், அறுபது எழுபது கடிதங்களை உருவி அழகாக ஒரு புதுப் பெட்டியில் அகர வரிசையில் அடுக்கிவிட்டேன். எங்கள் பிரிவின் தலைவி, ஓய்வு பெறப்போகும் வயதில் இருந்த அம்மையார், அதைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. ஒரு கடிதத்தைத் தூக்கிக் காட்டி, "இது எந்தத் தாளுக்கு அடுத்து இருந்தது?" என்று மட்டும் கேட்டார். நான் குறித்து வைக்கவில்லை.

காப்பகத் தொழிலில் பால பாடமே அதுதான், ஆவணங்கள் அவற்றை உருவாக்கியவர் வைத்திருந்த வரிசையிலேயே இருக்க வேண்டும். தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். திரும்பச் சரிசெய்ய இரண்டரை வாரம் ஆயிற்று. தேதி இருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் குண்டூசி விட்ட துருத் தடத்தை அடுத்த தாளின் துருவோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து தெர்மோஃபேக்ஸ் நகல்கள், அதாவது வெப்பத்தால் எடுத்த நகல்கள், நாளாக ஆகக் கருத்துப்போகும், பக்கத்துத் தாளிலும் பழுப்பாகக் கறை இறக்கியிருக்கும், அதுவும் ஒரு துப்பு. ஒன்பது கடிதங்களுக்கு இடம் கிடைக்கவே இல்லை. 'இடம் தெரியாதவை' என்று பென்சிலால் எழுதிய உறையில் அவை இன்னமும் இருக்கும்.

அந்த இரண்டரை வாரத்தில்தான் முதல்முறையாகக் கோப்புகளை வரிசையாகப் படித்தேன். கலையைப் பற்றிய தத்துவ விசாரம் எல்லாம் மிகக் குறைவு. மரப்பெட்டி எந்த அளவில் அடிக்க வேண்டும், காப்பீட்டுக்கு என்ன விலை போடுவது, சரக்குக் கூலி யார் தலையில், காசோலை ஏன் இன்னும் வரவில்லை. அப்புறம் மறுப்புக் கடிதங்கள், எக்கச்சக்கம். ஒரே வாசகம்தான், பெயரும் படத்தின் தலைப்பும் மட்டும் மாறும்.

மறுப்புக் கடிதம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒன்று உண்டு. 1956 அக்டோபர் 18 தேதியிட்டு, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஆல்ஃபிரெட் பார், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹோலுக்கு எழுதியது. வார்ஹோல் இலவசமாகத் தர முன்வந்த 'ஷூ' என்ற சித்திரத்தைக் குழு ஏற்கவில்லை. காட்சிக்கும் சேமிப்புக்கும் இடம் மிகக் குறைவு, அபூர்வமாகவே வெளியே வைக்க முடிகிற ஒன்றை நன்கொடையாக வாங்கிக்கொள்வது நியாயமில்லை என்று விளக்கிவிட்டு, படத்தை உங்கள் வசதிப்படி வந்து எடுத்துச் செல்லலாம் என்று பின்குறிப்பு. இணையத்தில் இதை வருஷா வருஷம் யாராவது பகிர்ந்து, பார்த்தீர்களா எப்படிக் கோட்டை விட்டார்கள் என்று சிரிப்பார்கள். எனக்கு இப்போது அந்தச் சிரிப்பு வருவதில்லை. அன்று வார்ஹோலுக்கு 28 வயது, செருப்புக் கடை விளம்பரங்களுக்குப் படம் போட்டுப் பேர் வாங்கியவர். அதே ஆண்டு அங்கே நடந்த சித்திரக் கண்காட்சியில் அவர் படமும் இருந்தது, அதாவது அவரை யாரும் ஒதுக்கிவிடவில்லை. இலவசமாக வரும் படம் உண்மையில் இலவசம் இல்லை, காலம் முழுக்க இடமும் பராமரிப்பும் கேட்கும். ஒரு தாளை மட்டும் கோப்பிலிருந்து உருவி வைத்துப் பார்த்தால் ஆல்ஃபிரெட் பார் மடையராகத் தெரிவார், நான் உருவிய கடிதங்களில் எங்கள் இயக்குநர் தெரிந்த மாதிரி. ஆறே ஆண்டு கழித்து, 1962இல், வார்ஹோலின் தங்க நிற மர்லின் மன்றோ அதே அருங்காட்சியகத்துக்குள் வந்துவிட்டது.

பாருக்கும் காலணிக்கும் ஏதோ ஆகாத ராசி என்று நினைத்துக்கொள்வேன். 1929இல், 27 வயதில் அந்த இடத்தின் முதல் இயக்குநரானவர் அவர். 1942 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜோ மிலோன் என்பவர் பாசிமணியும் ஜிகினாவுமாக அலங்கரித்த ஷூ பாலிஷ் மேடையை முன்கூடத்தில் வைக்கப்போய், அறங்காவலர் குழுத் தலைவருக்கு எரிச்சல். மறு ஆண்டு பாருக்குப் பதவியே போயிற்று, அதற்கு வேறு மனத்தாங்கல்களும் இருந்தன. ஆனாலும் அவர் கட்டடத்தைவிட்டுப் போகவில்லை, நூலகத்தில் உட்கார்ந்து எழுதினார், 1947இல் சேகரிப்புகளின் இயக்குநராகத் திரும்பினார்.

இதே மனிதரின் மேசையிலிருந்து 1940இல் வேறு வகைக் கடிதங்களும் போயின. பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்த பிறகு, அங்கே மாட்டிக்கொண்ட கலைஞர்களுக்கு அமெரிக்க விசா வாங்க உறுதிப் பத்திரம், வாழ்க்கைக் குறிப்பு, பணப் பொறுப்பு ஏற்க ஓர் ஆள், எல்லாம் வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதியைச் சுமந்தவர் அவர் மனைவி மார்கரெட், பல மொழி தெரிந்தவர். ஷாகால், மாக்ஸ் எர்ன்ஸ்ட், லிப்ஷிட்ஸ் மூவரும் 1941இல் நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். இதற்கும் காகிதம், கார்பன், முத்திரை, அதே அலுப்பூட்டும் சாமான்கள்தான். சரி, என் கதைக்கு வருகிறேன்.

ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஓர் அம்மா வந்தார். அப்பா அந்த ஊர் ஓவியர், இறந்து நெடுநாள், பெயர் எங்கேயும் பதிவாகவில்லை. ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ஒரு மறுப்பு, வழக்கமான வாசகம். அதற்கு அவர் அப்பாவின் பதில் நீல மையில் அரைப்பக்கம்: படம் வேண்டாம் என்றால் பரவாயில்லை, பெட்டியைத் திருப்பி அனுப்பிய கூலியை நான் ஏன் கட்ட வேண்டும்? கடிதத் தாள் எங்களுடையது, அதிலிருக்கும் சொற்களின் உரிமை உங்களுடையது, சட்டப்படி அப்படித்தான் என்று விளக்கினேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை, அப்பாவின் கையெழுத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியில் கொடுத்தார்களா?" என்று கேட்டார்.

அடுத்த தாளைத் திருப்பினேன். நான் ஊரறிந்த பெயர்களை உருவி, பிறகு துருத் தடம் பார்த்துத் திரும்பச் சேர்த்த கோப்புகளில் அதுவும் ஒன்று. சரக்கு நிறுவனத்தின் ரசீது, பதினோரு டாலர் நாற்பது சென்ட். அதன்மேல் இயக்குநரின் பென்சில் எழுத்தில், கொடுத்துவிடவும்.