தண்ணீர்மலைப் படிகளும் என் கை நடுக்கமும்

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே என் வலக்கை இலேசாக நடுங்கத் தொடங்கிவிட்டது. வெண்கட்டியைப் பலகையில் சற்று அழுத்திப் பிடித்தால் அடங்கிவிடும் என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. என் தந்தைக்கும் இப்படித்தான் இருந்தது. அவருடைய குவளையில் பாதிக்கு மேல் காப்பி ஊற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். ஓய்வு பெற்ற பிறகு, கையொப்பம் பழையதோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு படிவம் திரும்பி வந்த அன்றுதான் மருத்துவரிடம் போனேன். அவர் ஒரு தாளில் நத்தை ஓட்டைப் போன்ற சுருளை வரையச் சொன்னார். நான் வரைந்தது ரம்பப் பல்லாக வந்தது. கையை மடியில் வைத்து ஓய்வாக இருந்தபோது நடுக்கம் இல்லை, எதையாவது பிடிக்கவோ தூக்கவோ போனால்தான் வருகிறது என்பதைக் கவனித்துவிட்டு, இது பார்க்கின்சன் நோய் இல்லை, எசென்ஷியல் ட்ரெமர் என்றார்.

இந்தப் பெயரை இணைய மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தால் 'அத்தியாவசிய நடுக்கம்' என்று வருகிறது, ஏதோ அரிசி, சீனி, சமையல் எண்ணெய் வரிசையில் நடுக்கமும் ஓர் அத்தியாவசியப் பொருள் என்பதைப் போல. வேறொரு நோயின் விளைவாக இல்லாமல் தானே வருவது என்பதுதான் மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள்.

சில ஆண்டுகள் நானும் வீட்டாரும் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடைகளின் முன்னால் கூரைக்குக் கீழ் ஓடும் 'ஐந்தடி' நடைபாதைகள் கடைக்குக் கடை ஏறி இறங்குபவை. பூமாலை விலை பற்றி அண்ணியிடம் பேசிக்கொண்டே நடந்தவள், தரை ஓரடி தாழும் இடத்தைக் கவனிக்காமல் முழங்காலில் விழுந்தேன். தூக்கிவிட்ட அண்ணி கேட்டார்: "ஏம்மா, நடுங்குறது கைதானே, கால் ஏன் தடுமாறுது?"

அந்தக் கேள்வியை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை, நான் உட்பட. இந்த நடுக்கத்தில் பெரிதும் தொடர்புபடுத்தப்படும் பகுதி சிறுமூளை. கையசைவை நேர்த்தியாக்கும் அதே சிறுமூளைதான் நடையையும் உடற்சமநிலையையும் சீர்படுத்துகிறது. அது மூளையின் முன்பகுதியோடு இணைந்திருப்பதால் கவனம், திட்டமிடல் போன்றவற்றிலும் அதற்குப் பங்குண்டு. இயக்கக் கோளாறு வல்லுநர்கள் 2018-இல் வெளியிட்ட வகைப்பாட்டில், நடுக்கத்தோடு நேர்கோட்டு நடையில் தடுமாற்றமோ இலேசான நினைவுக் குறைவோ சேர்ந்திருந்தால் அதற்கு 'எசென்ஷியல் ட்ரெமர் பிளஸ்' என்று தனிப்பெயரே கொடுத்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நடுங்குகிறவர்கள் எல்லாரும் நினைவிழப்பார்கள் என்று பயந்துவிடக் கூடாது. பெரும்பாலோருக்கு அப்படி ஆவதில்லை.

உடற்பயிற்சி சிகிச்சையாளரான இளம்பெண் என்னை ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல் நுனியைத் தொடும்படி பத்து அடி வைக்கச் சொன்னார். நான்கு முறை கோட்டை விட்டு விலகினேன். பிறகு, "ஆண்ட்டி, சாதாரணமாவே நடங்க, ஆனா நூறுல இருந்து ஏழேழா கழிச்சுச் சொல்லிக்கிட்டே நடங்க" என்றார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு வரை வந்தேன். எழுபத்தொன்பதைத் தேடியபோது என் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. கணக்கு ஆசிரியையாக இருந்தவளுக்கு இது கொஞ்சம் கேவலமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ஐந்தடி நடைபாதையில் நான் விழுந்தபோது நடந்ததும் இதுதான் என்று அப்போது விளங்கிற்று: பேச்சுக்கும் நடைக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் அளவுக்கு என்னிடம் கவனம் மிச்சமில்லை.

நன்றாக நடமாடுகிறவர்களுக்குச் சமநிலையும் சிந்தனையும் கூர்மையாக இருப்பதைப் பார்த்து, நடந்தால் போதும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிடுவது எளிது. தடுமாற்றம் இல்லாதவர்கள்தாம் துணிந்து வெளியே நடக்கிறார்கள் என்றும் அதையே திருப்பிச் சொல்லலாம். என் வரையில் இரண்டும் உண்மை: விழுந்த பயத்தில் மூன்று மாதம் வீட்டுக்குள் அடைந்திருந்தேன், அந்த மூன்று மாதத்தில் தொடைகள் தளர்ந்து, குளியலறைப் படிக்கட்டே மலையாகிவிட்டது. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடலை அசைப்பதோடு, மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலிமைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. வெறும் நடை போதாது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

இப்போது காலையில், 1884-இல் தொடங்கப்பட்ட பினாங்குத் தாவரவியல் பூங்காவின் வட்டப்பாதையில் நடக்கிறேன். குரங்குகள் பறித்துக்கொள்ளும் என்பதால் கையில் பை வைத்துக்கொள்வதில்லை. தடுமாறினால் கைகள் விடுதலையாக இருப்பதும் நல்லதுதான். நடுக்கத்துக்கு உண்ணும் புரொப்ரனோலோல் மாத்திரை இதயத்துடிப்பைக் கூடவிடாமல் பிடித்துவைப்பதால், நாடியை எண்ணி உழைப்பை அளக்க முடியாது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அதுவே சரியான வேகம். உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றவும் செய்யும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மருந்து ஆகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மாதம் ஒருமுறை பினாங்கிலுள்ள தண்ணீர்மலை முருகன் கோவிலின் 513 படிகளையும் ஏறுகிறேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல். களைப்பு நடுக்கத்தைக் கூட்டும். மேலே போய்ச் சேரும்போது என் கை அரச இலை போல ஆடும், சிறிது நேரம் உட்கார்ந்தால் இறங்கிவிடும், அதனால் கேடில்லை. திருநீறு வாங்க வலக்கையின் கீழ் இடக்கையைத் தாங்கலாக வைத்து நீட்டுவது நம் வழக்கமல்லவா, அந்தத் தாங்கலில் நடுக்கம் பாதியாகிவிடுகிறது. மற்றவர்களுக்கு அது பக்தியாகத் தெரிகிறது, நானும் மறுப்பதில்லை.

வீட்டில் சோறு வேகும் நேரத்தில், அடுப்பங்கரைத் தரைக்கல்லின் இணைப்புக் கோட்டில் மேடையைத் தொட்டபடி குதிகாலும் விரலுமாகப் பத்து அடி வைக்கிறேன். போன வாரம் இரண்டு முறைதான் விலகினேன். மகள் கூடத்திலிருந்து "அம்மா, மிளகாய்த்தூள் எங்கே?" என்று கேட்டாள். நின்று, கோட்டில் இரு கால்களையும் ஊன்றிக்கொண்ட பிறகு பதில் சொன்னேன்.