அரசு மீதான நம்பிக்கை: நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம்

எந்த நாட்டு மக்கள் தங்கள் அரசையும் அரசு ஊழியர்களையும் எவ்வளவு நம்புகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்காகப் பன்னாட்டு ஆய்வுகளைப் படித்து ஓர் அட்டவணை போட்ட அனுபவம் இது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

தரவரிசையை மூடிவைத்துவிட்டு வினாத்தாளைத்தான் முதலில் திறந்தேன். 1981 முதல் நடந்துவரும் உலக விழுமிய ஆய்வு, அரசு, அரசு நிர்வாகம், காவல்துறை, நீதிமன்றம் என்று தனித்தனியாகக் கேட்டு, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடி 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கிறது. 6 அல்லது அதற்கு மேல் தருகிறவர்களே நம்புகிறவர்கள், 5 நடுநிலை. எடெல்மன் என்ற மக்கள்தொடர்பு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் நம்பிக்கை அறிக்கைக்கோ ஒன்பது புள்ளி அளவுகோல். மூன்றின் சதவீதங்களையும் ஒரே வரிசையில் எழுதினால் அதற்குப் பொருளே இராது. ஊழலை எதிர்க்கும் பன்னாட்டு அமைப்பான டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் ஊழல் குறியீட்டைப் பலர் நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அது வல்லுநர்களும் தொழில்துறையினரும் சொல்லும் கருத்து. பொதுமக்களிடம் கேட்டதல்ல என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

அடுத்து, அட்டவணையில் அரசையும் அரசு ஊழியரையும் தனித்தனிப் பத்தியாகப் பிரித்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். ஓஇசிடி 2023இல் 30 நாடுகளில் நடத்திய ஆய்வில், தேசிய அரசை நம்புகிறவர்கள் சராசரியாக 39 சதவீதம், அரசு நிர்வாகத்தை நம்புகிறவர்கள் 45 சதவீதம், காவல்துறையை 63 சதவீதம். அரசியல் கட்சிகளுக்குக் கிடைத்தது 24 சதவீதம்தான். பிரிட்டனில் இப்சாஸ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் யார் உண்மை பேசுவார்கள் என்று 1983 முதல் கேட்டுவருகிறது. அந்த ஆண்டு அரசு ஊழியர்களை நம்பியவர்கள் நான்கில் ஒரு பங்கினர். 2023இல் ஏறத்தாழ பாதிப் பேர். அதே 2023இல் அரசியல்வாதிகளுக்கு 9 சதவீதம். அரசியல் மீதுள்ள கோபம் முழுவதும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் மேல் இறங்கிவிடுவதில்லை. "மக்களுக்கு எதன் மேலும் நம்பிக்கை போய்விட்டது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அரசு ஊழியர்களுக்கு இழைக்கும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சரி, சில நாடுகளில் மட்டும் எண் ஏன் அவ்வளவு உயரத்தில் நிற்கிறது? எடெல்மன் பட்டியலில் சீனா பல ஆண்டுகளாக மேலேதான் இருக்கிறது. கேட்பவரிடம் உண்மையைச் சொல்லப் பயப்படும் இடத்தில் இந்த எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது? இதற்கு ஆய்வாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பாதிப் பேரிடம் சாதாரண வாக்கியங்கள் சிலவற்றைத் தருவார்கள். மீதிப் பேருக்கு அவற்றோடு அரசு பற்றிய ஒரு வாக்கியமும் சேரும். எத்தனை வாக்கியங்கள் தங்களுக்குப் பொருந்தும் என்று எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும்; எவை என்று சொல்ல வேண்டாம். இரண்டு குழுக்களின் சராசரிக்கும் உள்ள வித்தியாசமே விடை. சீனாவில் இப்படிச் செய்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நேரடியாகக் கேட்டபோது கிடைத்த ஆதரவைவிட ஏறக்குறைய 25 சதவீதப் புள்ளிகள் குறைந்தன. அதன்பிறகும் அங்கே ஆதரவு கணிசமாகவே இருந்தது. அதையும் மறைக்காமல் அட்டவணையில் எழுதினேன்.

நாடுகளை வரிசைப்படுத்தும் எண்ணத்தை அத்துடன் விட்டுவிட்டேன். ஒரே நாட்டில், ஒரே கேள்விக்கு, காலப்போக்கில் விடை எப்படி மாறியது என்று பார்ப்பதே நேர்மையாகப் பட்டது. அமெரிக்காவில் மத்திய அரசு பெரும்பாலும் சரியானதைச் செய்யும் என்று 1958இல் நம்பியவர்கள் நான்கில் மூன்று பங்கினர்; 2023இல் 16 சதவீதம்.

அப்புறம், கூட்டத்தில் அதிக நேரம் பேசியது ஓஇசிடி அறிக்கையில் வரும் இன்னொரு கணக்கைப் பற்றி. அரசு செய்வதில் தங்கள் குரலுக்கும் இடம் உண்டு என்று கருதுகிறவர்களில் 69 சதவீதம் பேர் அரசை நம்புகிறார்கள்; இல்லை என்கிறவர்களில் 22 சதவீதம் பேர்தான். எது காரணம், எது விளைவு என்று இந்த எண்கள் சொல்லாது. ஆனால் ஒரு மனு நிராகரிக்கப்படும்போது அதற்கான காரணத்தை எழுத்தில் கொடுப்பதும், முடிவெடுக்கும் முன் மக்களைக் கேட்பதும் எந்த நாட்டு அதிகாரியாலும் செய்யக்கூடியவை என்று அங்கே சொன்னேன்.