எம்பிவிக்குத் தமிழ் இடைமுகம்: டெப் பொதி கட்டிய அனுபவம்

டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் உள்ள எம்பிவி வீடியோ இயக்கியில் பட்டியல், மெனு எதுவும் இல்லை. படத்தின் மேல் தோன்றி மறையும் சில பொத்தான்கள்தாம். பினாங்கு, பிறையில் நடக்கும் கணினி வகுப்புக்காக, லிப்எம்பிவியின் (எம்பிவியைப் பிற செயலிகளுக்குள் இயக்கும் நூலகம்) மேல் கியூட்டி 6-இல் (சாளரம், பொத்தான்களை வரைய உதவும் நிரல் நூலகம்) எழுதிய தமிழ் இடைமுகத்தை டெபியன் 12-க்கு டெப் பொதியாக, அதாவது நிறுவல் கோப்பாக ஆக்கினோம்.

கட்டும் வேலை எளிது. சிமேக் என்ற கட்டுமானக் கருவியைப் பயன்படுத்தும் திட்டம் என்பதால், பொதியை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ரூல்ஸ் கோப்பு மூன்று வரியில் முடிந்தது. சொந்தக் கணினியில் கட்டிப் பார்த்து நம்பிவிடக் கூடாது. தேவையானவற்றை மட்டும் நிறுவிக் கட்டும் எஸ்பில்ட் கருவியின் வெற்றுச் சூழலில் கட்டியபோதுதான், மொழிபெயர்ப்புக் கோப்பைத் தொகுக்கும் எல்ரிலீஸ் கருவியைக் கட்டுமானச் சார்புகளில் சேர்க்காதது தெரிந்தது.

பெரிய தலைவலி லொக்கேல், அதாவது கணினியின் மொழி, வட்டார அமைப்பு. கட்டிய கணினியில் திறந்த செயலி, மலாய் லொக்கேல் வைத்திருந்த வகுப்புக் கணினிகளில் திறந்தவுடன் மூடிக்கொண்டது. எண்களை எழுதும் முறையைக் குறிக்கும் எல்சி நியூமெரிக் அமைப்பு, எந்த வட்டாரத்தையும் சாராத 'சி' லொக்கேலில் இல்லையென்றால் லிப்எம்பிவி தொடங்கவே மறுக்கும். மலேசியாவிலும் தசமத்துக்குப் புள்ளிதானே என்று கேட்கலாம். எம்பிவி எண் வடிவத்தைப் பார்ப்பதில்லை, லொக்கேலின் பெயரைப் பார்க்கிறது. கியூட்டியோ தொடங்கும்போதே பயனரின் லொக்கேலை ஏற்றிவிடும். ஆகவே லொக்கேலை 'சி'-க்கு மாற்றும் செட்லொக்கேல் வரியை, கியூட்டியைத் தொடங்கும் கியூஅப்ளிகேஷன் உருவான பிறகு, எம்பிவியை உருவாக்கும் முன் வைக்க வேண்டும். நிரல் தொடங்கும் மெயின் பகுதியின் முதல் வரியாக வைத்தால் கியூட்டி அதை மாற்றி எழுதிவிடும். இந்தத் திருத்தத்தை ஒட்டுக் கோப்பாக (பேட்ச்) பொதியில் வைத்தோம். மூல நிரலைப் பராமரிப்பவர்களுக்கும் அனுப்பினோம், அங்கே திருந்துவதுதான் முறை.

அடுத்தது, ஐகான்கள் காணோம். பொதிக்குத் தேவையான சார்புகளைத் தானே பட்டியலிடும் ஷ்லிப்டெப்ஸ் கருவி, நிரலோடு இணைத்த நூலகங்களை மட்டுமே கண்டுபிடிக்கும். எஸ்விஜி படங்களைக் காட்டும் செருகியைக் கியூட்டி ஓடும்போதுதான் ஏற்றுகிறது, அதனால் அது கணக்கில் வரவில்லை. கட்டாயச் சார்புகளைச் சொல்லும் டிபெண்ட்ஸ் வரியில் கையால் எழுதினோம். தமிழ் எழுத்துரு விஷயத்திலும் எங்கள் முதல் கணிப்பு தவறு. ரெக்கமெண்ட்ஸ் (கட்டாயமில்லாத பரிந்துரை) போதும் என்று விட்டோம். வகுப்பில் இணையத் தரவை மிச்சம் பிடிக்க ரெக்கமெண்ட்ஸ் இல்லாமல் நிறுவியதால் மெனு முழுக்க எழுத்துகளுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள். தமிழ் மட்டுமே உள்ள இடைமுகத்துக்குத் தமிழ் எழுத்துரு கட்டாயச் சார்புதான்.

லினக்ஸில் திரையில் சாளரங்களைக் காட்டும் வேலேண்ட் முறையில் பணிப்பட்டை ஐகான் வராவிட்டால், நிரலில் கொடுத்த டெஸ்க்டாப் கோப்பின் (செயலியின் பெயர், ஐகானைச் சொல்லும் கோப்பு) பெயரும் நிறுவிய கோப்பின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

டெபியன் 11-இல் இருப்பது லிப்எம்பிவி 1, 12-இல் லிப்எம்பிவி 2. 12-இல் கட்டிய பொதி 11-இல் ஏறாது. வகுப்பில் மிச்சமிருந்த பழைய கணினிகளை 12-க்கு ஏற்றிய பிறகே அவற்றில் நிறுவினோம்.