பஹிர் தாரில் நான் பக்திமான் ஆன கதை

2019ஆம் ஆண்டு பிப்ரவரியில், எத்தியோப்பியாவின் பஹிர் தார் நகரில், தானா ஏரிக்கு அருகிலிருந்த ஒரு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் தன்னார்வப் பணிக்காகப் போயிருந்தேன். அந்நாட்டு நாட்காட்டியில் அப்போது 2011ஆம் ஆண்டுதான் நடந்துகொண்டிருந்தது. ஆகவே எனக்கு எட்டு வயது குறைந்துவிட்டது என்று தொலைபேசியில் பெருமையாகச் சொன்னபோது, "புத்தியும் சேர்ந்து குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்" என்றார் அம்மா.

நான் தங்கியிருந்த வீட்டின் மூதாட்டியை, அவ்வூரில் வயதில் மூத்த பெண்களை அழைக்கும் முறைப்படி, "எமாமா" என்றே எல்லோரும் அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை 12 மணிக்குத் தேவாலயத்துக்கு வரும்படி அவர் சொன்னதை அவருடைய மகன் எனக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். நண்பகல் வெயிலில் குளித்து முழுகிப் போய் நின்றேன். பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு காவலர் வறுத்த பார்லியை மென்றுகொண்டிருந்தார். என்மீது இரக்கப்பட்டு ஒரு பிடி எனக்கும் கொடுத்தார். அங்கே மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது என்பதும், நம் காலை 6 மணிதான் அவர்களுக்கு 12 மணி என்பதும் அன்று மாலைதான் எனக்கு விளங்கின. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய பரம்பரையில் வந்தவன் இதற்குப்போய் வியப்படைந்திருக்கக் கூடாது.

மறு ஞாயிறு இருட்டோடு கிளம்பினேன். மதுரைக்காரனுக்குக் கோயிலில் நடந்துகொள்ள யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்ற நம்பிக்கையோடு, வெளிவாசலிலேயே காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நடந்தேன். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. விடியற்காலைக் கூழாங்கற்கள் ஐஸ் கட்டிகளாக உள்ளங்காலில் குத்தின. முற்றத்தின் நடுவிலிருந்த மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், என்னைத் தவிர அங்கே நின்ற எல்லோருடைய கால்களிலும் காலணி இருந்ததைக் கவனித்தேன். கட்டடத்துக்குள் நுழைபவர்கள்தான் கழற்றுகிறார்கள். முற்றத்தில் நின்று வழிபடுபவர்கள் போட்டுக்கொண்டே நிற்கிறார்கள். அத்தனை பேர் பார்க்கத் திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு வரும் துணிவு எனக்கு வரவில்லை.

ஆணும் பெண்ணும் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியால் போர்த்தியிருந்தார்கள். பெண்கள் போர்த்தும் அதற்கு நெத்தெலா என்று பெயர். சைவ உணவுக்காரனான எனக்கே அந்தப் பெயரைக் கேட்டதும் நெத்திலி நினைவுக்கு வந்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒலிபெருக்கியில் பாதிரியாரின் ஓதல் கீஸ் மொழியில் நீண்டுகொண்டே போனது. இன்று எந்த வீட்டிலும் பேசப்படாத பழைய மொழி அது. ஆனாலும் சமஸ்கிருத அர்ச்சனைக்கு நாம் கைகூப்பி நிற்பதைப் போலவே, மக்கள் உரிய இடத்தில் உரிய பதிலை ஒரே குரலில் சொன்னார்கள்.

உட்காரும் வழக்கம் இல்லாததால், இரண்டு மூன்று மணி நேரமும் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். என் வெறுங்கால்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துப் பெரியவர், மேல்முனையில் குறுக்குக் கட்டை பொருத்திய தம்முடைய நீண்ட தடியை என்னிடம் நீட்டினார். சற்று நேரம் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் போலும் என்று எண்ணி, வேலைப் பிடித்த முருகனைப் போல அதை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். பெரியவரோ தடியில்லாமல் கால் மாற்றிக் கால் மாற்றித் தவித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் அதை வாங்கி, குறுக்குக் கட்டையை அக்குளில் கொடுத்து உடல் பாரத்தை அதன்மேல் சாய்த்துக் காட்டிவிட்டு, மறுபடியும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் மானம் தப்பியிருக்கும். ஒரு கட்டத்தில் கூட்டம் முழுவதும் குனிந்து மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தது. இதாவது நமக்குத் தெரிந்த வித்தை என்ற உற்சாகத்தில், தடியைக் கிடத்திவிட்டு, தலைக்குமேல் கைகளைக் குவித்தபடி சாஷ்டாங்கமாக விழுந்தேன். நெற்றியை வைத்தவர்கள் ஒரு நொடியில் எழுந்துவிட்டார்கள். நான் மட்டும் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தேன். குளிரில் மயங்கி விழுந்துவிட்டேன் என்று கருதிய இரண்டு பேர் என்னைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். ஒரு சிறுவன் எங்கிருந்தோ புனித நீரைக் கொண்டுவந்து முகத்தில் அடித்தான். அந்தக் குளிரில் அந்தத் தண்ணீர் பட்டுத்தான் எனக்கு உண்மையாகவே மயக்கம் வந்திருக்க வேண்டும்.

வீடு திரும்பியபோது, அவ்வூர் தோசையான இஞ்சேராவின்மேல் அவித்த முட்டையோடு கோழிக் குழம்பு காத்திருந்தது. அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி உட்பட ஆண்டில் பாதி நாள் அளவுக்கு இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாமல் நோன்பு இருப்பார்கள். அதற்குரிய "ட்ஸோம்" என்ற சொல்லை ஓட்டலில் சொன்னால் சைவச் சாப்பாடு கிடைத்துவிடும் என்பதால், நான் கற்ற முதல் அம்ஹாரிக் சொல் அதுதான். பழக்கத்தில் அன்றும் "ட்ஸோம்" என்றேன். வெறுங்காலோடு வந்தவன், தரையில் கிடந்தே தொழுதவன், நோன்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் நோன்பு இருப்பவன் என்று, முற்றத்தில் கண்டதையெல்லாம் சேர்த்து எமாமா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மகன் எவ்வளவு விளக்கியும் பயனில்லை.

உணவுக்குப் பிறகு காபிக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, இடித்து, மூன்று சுற்று கொடுத்தார்கள். மூன்றாவது சுற்றுக்குப் பரக்கா, அதாவது ஆசி என்று பெயர். அந்தச் சுற்றில்தான் எமாமா என் கையைப் பிடித்துத் தம் முழங்காலில் வைத்து, வலி தீர நான் வேண்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். மறுக்க முடியவில்லை, ஒப்புக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பிய வாரத்தில் திருப்பரங்குன்றத்துக்குப் போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். பட்டர் பெயர் கேட்டார். எமாமாவின் முழுப்பெயரைச் சொன்னேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நட்சத்திரம்?" என்றார். 13 மாதங்கள் உள்ள நாட்காட்டியில் பிறந்தவருக்கு நான் எந்த நட்சத்திரத்தைச் சொல்வது? எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன்.