கன்றுக்குட்டிக்குப் பிறகும் நிலைத்த உடன்படிக்கை

சீனாய் மலையில் கொடுக்கப்பட்ட நியாயப்பிரமாணம் எந்த உடன்படிக்கையைச் சேர்ந்தது? ஏதேனில் ஆதாமோடு செய்யப்பட்ட கிரியைகளின் உடன்படிக்கையா, ஆபிரகாமுக்கு வாக்களிக்கப்பட்ட கிருபையின் உடன்படிக்கையா? கால்வின் வழிவந்த சீர்திருத்த இறையியலாளர்கள் நானூறு வருடமாக இதைப் பேசி வருகிறார்கள். நானும் என் நண்பர் ஒருவரும் கூட இதைத்தான் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர், சீனாயில் கிரியைகளின் கொள்கையும் இருந்தது என்ற இறையியலாளர் மெரிடித் கிளைன் பக்கம். அது கிருபையின் உடன்படிக்கையே என்ற இறையியலாளர் ஜான் மரே பக்கம் என்னைச் சேர்த்துவிடுவார். அது பாதிதான் சரி. மரே 'கிரியைகளின் உடன்படிக்கை' என்ற பெயரையே ஏற்கவில்லை. ஆதாமோடு நடந்ததை உடன்படிக்கை என்று சொல்லவும் தயங்கினார். எனக்கு அந்தத் தயக்கம் கிடையாது. கீழ்ப்படிந்தால் ஜீவன், மீறினால் மரணம். ஆதாமையும் கிறிஸ்துவையும் ஒப்பிடும் ரோமர் 5 அந்த அடித்தளத்தின்மேல்தான் நிற்கிறது.

1646-இல் எழுதி முடிக்கப்பட்ட, சீர்திருத்த சபைகள் பல ஏற்கும் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை ஏழாம் அதிகாரத்தில் தெளிவாகவே பேசுகிறது. நியாயப்பிரமாண காலத்திலும் நடந்தது கிருபையின் உடன்படிக்கைதான். பலிகள், விருத்தசேதனம், பஸ்கா ஆட்டுக்குட்டி என்று அதை நடத்திய விதம்தான் வேறு. பத்தொன்பதாம் அதிகாரத்துக்கு வந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆதாமுக்குக் கிரியைகளின் உடன்படிக்கையாகக் கொடுக்கப்பட்ட பிரமாணம் வீழ்ச்சிக்குப் பின்னும் நீதியின் பூரண ஒழுங்காகத் தொடர்ந்தது. அப்படிப்பட்ட ஒழுங்காகவே சீனாயில் பத்துக் கட்டளைகளாகத் தரப்பட்டது என்கிறது. கட்டளை அதேதான். ஜீவனைச் சம்பாதிக்கும் வழியாக மட்டும் அது அங்கே தரப்படவில்லை.

நண்பர் இங்கே லேவியராகமம் 18:5-ஐ எடுப்பார்: "அவைகளின்படி செய்கிறவன் எவனும் அவைகளால் பிழைப்பான்." பவுல் ரோமர் 10-லும் கலாத்தியர் 3-லும் இதை விசுவாசத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்துகிறாரே என்பார். நியாயமான கேள்வி. கால்வின் சொன்ன பதில் எனக்குப் போதும்: நியாயப்பிரமாணத்தால் நீதிமான்களாக ஆக முயன்றவர்களோடு வாதாடும்போது, பவுல் சில இடங்களில் வாக்குத்தத்தத்திலிருந்து பிரித்து, வெறும் கட்டளையாக மட்டும் அதை எடுத்துப் பேசுகிறார். அப்படித் தனியே பிடித்தால் அது ஆதாமிடம் கேட்டதையேதான் நம்மிடமும் கேட்கும். சீனாயில் எழுந்த இடிமுழக்கமும் புகையும் சும்மா இல்லை.

ஆனால் என் மனதை முடிவாகத் திருப்பியது யாத்திராகமம் 32. ஜனங்கள் 24-ஆம் அதிகாரத்தில், "கர்த்தர் சொன்னபடியெல்லாம் செய்வோம்" என்கிறார்கள். மோசே மலையில் நாற்பது நாள் இருந்துவிட்டு வருவதற்குள், அவர்கள் வணங்கப் பொன் கன்றுக்குட்டி தயார். இது கிரியைகளின் உடன்படிக்கையாக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆதாமுக்கு ஒரே ஒரு மீறுதல்தானே! மோசே எதைச் சொல்லி மன்றாடுகிறார் பாருங்கள். இவர்கள் இனி ஒழுங்காக இருப்பார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆபிரகாமையும் ஈசாக்கையும் இஸ்ரவேலையும் நினைத்தருளும் என்கிறார். அப்புறம் 34-இல் உடைந்த பலகைகளுக்குப் பதில் புதுப் பலகைகள், அதே வார்த்தைகளோடு. "இரக்கமும் கிருபையும்" உள்ள தேவன் என்ற அறிவிப்பும் அங்கேதான் வருகிறது. மூவாயிரம் பேர் செத்ததும் உண்மைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் உடன்படிக்கை சாகவில்லை. பாவத்துக்குப் பலி ஏற்படுத்தித் தருகிற, மத்தியஸ்தரை நிறுத்துகிற கிரியைகளின் உடன்படிக்கை எங்காவது உண்டா? ஏதேனில் ஆதாம் விழுவதற்கு முன் பலிபீடம் இருந்ததாக நான் படித்ததில்லை.

கிளைன் பக்கத்துப் பதில் இதுதான்: தனிமனித இரட்சிப்பு கிருபையால்தான், ஆனால் இஸ்ரவேல் தேசம் கானானில் நிலைத்திருப்பது கிரியையின்படி, ஆதாமின் நிலைக்கு ஒரு நிழலாக. உபாகமம் 28-இன் சாபங்களையும் பாபிலோன் சிறையிருப்பையும் காட்டுவார்கள். இது வலுவான வாதம்; இதை அலட்சியமாகத் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் உபாகமம் 9-ஐ என்ன செய்வது? உன் நீதியினிமித்தம் இந்தத் தேசத்தைக் கொடுக்கவில்லை என்று மோசே அடித்துச் சொல்கிறார்; சொல்லிவிட்டு அதற்குச் சாட்சியாகக் கன்றுக்குட்டிக் கதையையே திரும்ப எடுக்கிறார். லேவியராகமம் 26-ஆம் அதிகாரமோ, சத்துருக்களின் தேசத்திலும் அவர்களை நிர்மூலமாக்கி உடன்படிக்கையை முறிக்க மாட்டேன் என்கிறது. இதைத் தகப்பன் தரும் சிட்சை என்பேன். முறிந்த ஒப்பந்தத்தின் தண்டனை இப்படிப் பேசாது.

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில இறையியலாளர் ஜான் ஓவன் இந்த இரண்டு பக்கமும் சேராமல், சீனாய் தனி உடன்படிக்கை, ஜீவனையோ நித்திய மரணத்தையோ தானாகத் தருவதல்ல என்று எபிரெயர் 8-இன் விளக்கத்தில் எழுதினார். எங்கள் பேச்சில் கடைசியில் நண்பர் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். கலாத்தியர் 4-இல் ஆபிரகாம் வீட்டு அடிமைப்பெண் ஆகார் சீனாய்க்கு ஒப்பிடப்படுவதை அவர் கேட்டால், 21-ஆம் வசனத்தைத்தான் காட்டுகிறேன்: பவுல் பேசுவது நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டிருக்க விரும்புகிறவர்களிடம், அதாவது அதை வாக்குத்தத்தத்திலிருந்து பிரித்துப் பிடித்தவர்களிடம். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்து எபிரெயர் 8-ஐ ஓவனோடு சேர்த்தே வாசிக்கலாம் என்றிருக்கிறோம்.